பொன்முடிக்கு இரண்டு டிக்கெட்

ஓய்வுபெற்ற மறுநாள் சுந்தரராமன் காரை விற்றார். பனிமலைகள் உருகுவதை முதல் நாள் டி.வி.யில் பார்த்திருந்தார். திருவனந்தபுரம் கரமனையில் தெரு முழுக்கச் செய்தி பரவியது. பனிமலை பற்றியல்ல, கார் பற்றி.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. பூமி சூடாவதற்குப் பொறுப்பு இரண்டு பேர். தனி மனிதன் காரைக் கைவிட வேண்டும், சர்க்கார் ஒழுங்காக பஸ் ஓட்ட வேண்டும்.

"என் பங்கை முடிச்சுட்டேன்," என்பார் யாரைப் பார்த்தாலும்.

"இவர் பங்கு ஸ்டாப்புல நிக்கறது. சர்க்கார் பங்கு பிரேக்டவுன் ஆகி வழியில நிக்கறது," என்பாள் மனைவி அனந்தலக்ஷ்மி.

அதன்பின் கல்யாணங்களுக்கு அவர்கள் பந்தி நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள். அதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை.

அனந்தலக்ஷ்மிக்குப் பொன்முடியில் மூடுபனி பார்க்க வேண்டும். ஒருநாள் பந்தயம் வைத்தாள்.

"பஸ்லயே போலாம். திரும்பறதுக்கும் பஸ் வந்துடுத்துன்னா காரைப் பத்தி ஜென்மத்துக்கும் பேச மாட்டேன். வரலைன்னா அடுத்த வாரம் வாசல்ல கார் நிக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

தம்பானூரில் ஏறி, வித்துராவில் மாறி, கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே அவள் மலையேறினாள். மேலே வெயில் கொளுத்தியது.

"மஞ்சு எங்கேன்னா? ஒரு பொட்டு பனிகூடக் காணோமே?"

"பூமி சூடாறதுன்னு நான்தான் சொன்னேனே."

"மலைக்கு வந்துமா இந்தப் பேச்சு!"

நாலு மணி பஸ் ஐந்துக்கும் வரவில்லை. சுந்தரராமன் எதிரே இருந்த அறிவிப்புப் பலகையைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"வெள்ளைக் கலர் வேண்டாம். அழுக்கு தெரியும்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

அப்போது 'கேரள சர்க்கார்' என்று பலகை வைத்த கார் ஒன்று வந்து நின்றது. பின் சீட்டில் மஹேஷ் என்ற அதிகாரி தனியாக இருந்தார். பூமி சூடாவது பற்றி விருந்தினர் மாளிகையில் நடந்த கருத்தரங்கு முடிந்து திரும்புகிறார்.

"சாரே, இனி பஸ் நோக்கி நிக்கண்டா. கேறிக்கோ," என்று ஏறிக்கொள்ளச் சொன்னார்.

"பஸ் வரலை," என்றாள் அவள்.

"சர்க்கார் வந்துடுத்தே," என்றார் சுந்தரராமன்.

"இது கணக்குல சேராது."

டிரைவருக்குப் பக்கத்தில் அவள் ஏறி உட்கார்ந்த தோரணையில் வண்டியே அவள் பெயருக்கு மாறிவிட்டது போலிருந்தது.

"ஜனங்கள் ஒத்துழைச்சாத்தான் சர்க்காருக்கு எதாவது செய்ய முடியும்," என்றார் மஹேஷ்.

"நாங்க நாலு மணியிலேர்ந்து ஒத்துழைச்சுண்டு நின்னோம் சார்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

மூன்றாவது வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தது. உள்ளே ஒருவருமில்லை. குறுகலான இடத்தில் இரண்டு வண்டிகளும் உரசுவதுபோல் நின்றன. கண்டக்டர் ஆன்சன் தலையை நீட்டினார்.

"டயர் பஞ்சராயி சாரே. ஒரு மனுஷனும் இல்லா. இங்ஙனெ ஆளில்லாதெ போயால் சர்க்கார் இந்த டிரிப்பே நிறுத்தும்."

சுந்தரராமன் கார்க் கதவைத் திறந்தார்.

"சாரே, மேல போய் பின்னெயும் இறங்கணுமே! இதெந்தினா?" என்றார் மஹேஷ்.

"பஸ் வந்துடுத்து சார்." பிறகு மனைவியிடம், "நீ கார்லயே போ. நான் வந்துடறேன்," என்றார்.

அனந்தலக்ஷ்மி அசையவில்லை. ஏசி காற்று இதமாக இருந்தது. கண்ணாடி வழியே மேலே பார்த்தாள். சற்று முன் வந்த வளைவைக் காணோம். பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பி அதை மூடியிருந்தது. இந்தப் பக்கம் காலி பஸ்ஸில் அவர் மட்டும் பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

அவள் இறங்கிப் போய் பஸ்ஸில் ஏறினாள். "ஒத்தை ஆளை நம்பி யாராவது பஸ் விடுவாளா? நகருங்கோ."

"பொன்முடிக்கு ரெண்டு. திரும்பறதுக்கும் ரெண்டு," என்றார் சுந்தரராமன், கருத்தரங்குக்கே கேட்கும்படி.

பஸ் பனிக்குள் நுழைந்தது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய அவள் கை மணிக்கட்டு வரை மறைந்தது.

"அப்போ கார் விஷயம்?" என்றார் மெதுவாக.

"நேரத்துக்கு வந்திருந்தா இந்த மஞ்சு கிடைச்சிருக்குமா? லேட்டா வந்ததுக்கு சர்க்காருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்கோ."

அடுத்த வளைவில் அவளுக்குக் குமட்டியது. மடியைத் தடவினாள். எலுமிச்சம்பழம் சர்க்கார் காரில் மலையிறங்கிக்கொண்டிருந்தது.