தாள் ஒட்டாத இடம்

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தங்கராசா அண்ணனின் மகள் அழைத்தாள். "அப்பா விடியக்காலம போயிட்டார் நானா" என்றாள், வழக்கம்போல அண்ணன் முறை சொல்லி. மரண வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காரக் கதிரைகள் ஏற்ற லொறி வேண்டும் என்றும் கேட்டாள். சரி என்றேன்.

பாண்டிருப்பில் அவருடைய கராஜில் வண்டி விட்ட உங்கள் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றி ஒரு கதை இருக்கும். என்னிடம் இருப்பது இது.

எனது பழைய டீசல் லொறி ஓர் அறுவடைக் காலத்தில் கொதிக்கத் தொடங்கியது. வெறும் வண்டியாக ஓடினால் ஒன்றுமில்லை. சாகாமத்தில் நெல் ஏற்றினால் தம்பிலுவில் வருவதற்குள் சூட்டு முள் சிவப்பில் நிற்கும். எஞ்ஜினுக்குள் இருக்கும் ஹெட் கெஸ்கட் போய்விட்டது, எஞ்ஜினைக் கழற்ற வேண்டும் என்று இரண்டு கராஜ்களில் அடித்துச் சொன்னார்கள். கழற்றினால் அறுவடை முடியும்வரை வண்டி படுத்துவிடும். எங்கள் வீட்டு அடுப்பு வருடம் முழுக்க எரிவதே அந்த ஆறு கிழமை அறுவடை ஓட்டத்தில்தான். கடைசி நம்பிக்கையாக அவரிடம் போனேன்.

அவர் சாவியையே தொடவில்லை. கொதிக்கத் தொடங்குமுன் வண்டியில் புதிதாக என்ன பூட்டினேன் என்று கேட்டார். பெல்ட், ஒயில் ஃபில்டர் என்று பெரிய ஆள் மாதிரி ஒப்புவித்தேன். வேறு ஒன்றுமில்லையா என்றார். இல்லை என்றேன்.

மறுநாள் காலை, எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தண்ணீரில் குமிழி வரவில்லை. ஒயிலிலும் தண்ணீர் கலக்கவில்லை. ஆகவே கெஸ்கட்டில் பழுதில்லை என்றார். மூடியைப் போட்டு, சூடேறும்வரை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் தொட்டுப் பார்த்தார். இரண்டிலும் ஒரே சூடு.

"தண்ணி நல்லா ஓடுது தம்பி. சூடுதான் வெளிய போகல்ல."

பிறகு ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, வண்டியின் முன்கிறில் கம்பிகளில் ஓர் ஓரமாக வைத்துக் கையை எடுத்தார். உள்ளே சுழலும் காற்றாடி இழுத்த இழுப்பில் தாள் அப்படியே ஒட்டிக்கொண்டது. நடுவில் வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது.

நடுவில் இருந்தது உம்மாவின் தகடு. மக்காவுக்கு உம்றா போய் வந்த சந்தோஷத்தில், அல்லாஹ்வின் திருநாமத்தைத் தங்க எழுத்தில் எழுதுவித்து உம்மா பூட்டச் சொன்ன அகலமான தகடு. காற்று நுழையும் வழியில் பாதியை அது அடைத்திருந்தது. அதை வண்டியில் பூட்டிய சாமான் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. மற்ற கராஜ்காரர்கள் எங்களவர்கள், முஸ்லிம்கள். அவர்களுக்கும் அது ஒரு தடையாகக் கண்ணில் படவில்லை. அதைக் கழற்ற வேண்டும் என்று உம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?

தங்கராசா அண்ணன் தகட்டில் விரல்கூட வைக்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"இந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியா. ஆனா பெரிய பேரெண்டு தெரியும். சேறு தெறிக்கிற இடத்தில இத வைக்கலாமா தம்பி? மேல வைங்க."

நானே கழற்றி, ஓட்டுநர் கூண்டின் நெற்றியில் பூட்டினேன். அவர் சொன்னதை அப்படியே உம்மாவிடம் சொன்னேன். உம்மா அவருக்காக துஆ செய்தார். அடுத்த நாள் நிறைந்த பாரத்தோடு சாகாமத்திலிருந்து கல்முனைவரை வந்தேன். முள் சிவப்பை நெருங்கவே இல்லை. எஞ்ஜினின் நோயையும் மனிதரின் மனதையும் ஒரே தாளால் அறிந்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் வீட்டில் கதிரைகளை இறக்கி முடித்தபோது, அவருடைய கராஜ் வேலைக்காரர்கள் அவரது பேரும் படமும் போட்ட அஞ்சலிப் பதாகையை என் லொறியின் முன்கிறிலில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவிழ்க்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பதில்தான்.

"சேறு தெறிக்கிற இடம் தம்பி. மேல கட்டுங்க."