என் கைராசியும் ராணியின் ஈரலும்

என் பேரை முதலில் கெடுத்தவர் கோட்டையூர் வெள்ளைச்சாமி. இதை எழுதும் இன்றைக்கும் அவர் நலமாகத்தான் இருக்கிறார். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். சினை நின்றால் மாடு நல்ல மாடு, நிற்காவிட்டால் ஊசி போட்டவன் கெட்டவன். வண்டி ஓடாவிட்டால் ஏச்சு வாங்கும் மெக்கானிக்குகளே, பந்தியில் உப்புக்குப் பேச்சு வாங்கும் சமையல்காரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். நான் எட்டாவதோடு நின்றவன். பால் சங்கத்தில் சொல்லிக்கொடுத்த வேலை இது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச்சாமியைப் பொறுத்துக்கொள் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

டீக்கடைத் தீர்ப்பு

வெள்ளைச்சாமியிடம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கலப்பின மாடு உண்டு. பேர் ராணி. கோட்டையூரில் அந்த அளவுக்குப் பால் கறக்கிற மாடு வேறு கிடையாது. அது பருவத்துக்கு வந்து கத்தும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார். உறைந்த விந்துக்குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கி, கையுறை மாட்டி, பதறாமல்தான் போட்டேன். அடுத்த பருவத்தில் ராணி மறுபடி கத்தியது; சினை நிற்கவில்லை என்று அர்த்தம். மறுபடி போனேன். மறுபடியும் கத்தியது.

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நான் டம்ளரை வாயில் வைத்த நேரம் பார்த்து, நின்றிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி வெள்ளைச்சாமி சொன்னது இது: "ஏப்பா கருப்பையா, நீ தொட்ட எடத்துல புல்லுகூட முளைக்காது போலருக்கே. ஒனக்குக் கைராசி இல்லப்பா. இனிமே என் தொழுவம் இருக்குற திசைக்கே வராத!"

ஆத்தங்குடி வரைக்கும்

டீக்கடையில் சொன்ன சொல் பஸ் ஏறிப் போகும். ஒரு மாதத்துக்குள் என் போன் ஊமையாகிவிட்டது. விந்துக்குச்சிகளை உறைய வைத்திருக்கும் நைட்ரஜன் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு நான் போனால், தொழுவத்துப் படலைச் சாத்துகிறார்கள். சோறு போட்டதே இந்தக் கைதான். அதையே முடக்கிவிட்டார் மனிதர்.

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கும் செல்லம்மா, பல வருஷமாக என்னை நம்பி மாடு வளர்ப்பவர். ஒருநாள் அவர் மாடு கத்துவது தெருமுனைக்கே கேட்டது. வேறு ஆளும் கிடைக்கவில்லை. என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "கோவிச்சுக்கிறாதீகண்ணே. நீங்க அங்குட்டே நில்லுங்க. ஊசிய மட்டும் இங்குட்டுக் குடுங்க, எங்க வீட்டுக்காரரு போட்டுக்கிருவாரு."

எனக்குப் பதிலாக வந்தவர்

வெள்ளைச்சாமி என் இடத்துக்குப் பள்ளத்தூர் முருகேசனைக் கூட்டி வந்தார். நல்ல பையன், சுத்தமான கை. அவன் ஊசி போட்ட அன்று வெள்ளைச்சாமி டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கவில்லை.

அடுத்த பருவத்துக்கு ராணி கத்தியது. அதற்கடுத்த பருவத்துக்கும் கத்தியது. அடுத்தவன் தோல்வியில் சந்தோஷப்படக் கூடாதுதான். ஆனாலும் அன்று நான் தனியாக இரண்டு டீ குடித்தேன். முருகேசன் வண்டியை நிறுத்திப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, ஒங்க கைராசி எனக்கும் ஒட்டிக்கிருச்சுண்ணே."

டாக்டரம்மா

நேரே மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். "தப்பு என் கையிலயா, மாட்டுலயா? ஒரு முடிவு சொல்லுங்க" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். ஆனால் கோட்டையூர்ப் பக்கம் வந்தபோது மறக்காமல் ராணியைச் சோதித்து, ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார். கர்ப்பப்பையில் புண் இல்லை, கிருமி இல்லை. புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மட்டும் குறைவு.

அது சூலகத்தில் ஊறுகிறதாம். கரு ஒட்டி நின்று வளர அதுதான் ஆதாரமாம். ரத்தத்தோடு அது சுற்றி வரும்போது ஈரல் அதை உடைத்து, சாணியிலும் மூத்திரத்திலும் தள்ளிவிடுமாம். எல்லா மாட்டுக்கும் நடப்பதுதான். ஆனால் நிறையக் கறக்கிற மாடு நிறையத் தின்கிறது. நிறையத் தின்றால் ஈரலுக்கு ஓடும் ரத்தமும் கூடுகிறது. அப்போது ஹார்மோன் ஊறுகிற வேகத்தைவிடக் கரைகிற வேகம் அதிகமாகிவிடுகிறது. "தொட்டிக்குத் தண்ணி விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு, ஆனா அடியில இருக்குற குழாயையும் தொறந்து விட்டாச்சு" என்றார். ராணிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது அவர் கணிப்பு.

"அப்ப என் கையில தப்பில்லைல்ல?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இன்னமும் முழுசாக மன்னிக்கவில்லை: "ஒங்க கையில ஒண்ணுமே இல்ல கருப்பையா. கெட்டதும் இல்ல, நல்லதும் இல்ல."

விருந்து

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை வயிறு முட்ட வைக்காமல் அனுப்ப மாட்டார்கள். அந்தப் பழக்கம் தொழுவத்துக்கும் உண்டு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஊசி போட்ட நாளிலிருந்து ராணியைப் பிள்ளைத்தாய்ச்சியாகவே பாவித்து, வெள்ளைச்சாமி மனைவி மீனாட்சி உளுந்தங்கஞ்சி, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு என்று ஒரே வேளையில் அண்டா அண்டாவாக வைத்திருக்கிறார் என்று டாக்டரம்மாதான் விசாரித்துச் சொன்னார். கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு வேறு.

தடையை மீறித் தொழுவத்துக்கே போனேன். வெள்ளைச்சாமி முறைத்தார். நானும் முறைத்தேன். டாக்டரம்மா சொன்னபடி எடுத்துச் சொன்னேன்: மண்டபத்துச் சோறு கூடவே கூடாது. தீவனத்தைக் குறைக்க வேண்டாம். குறைத்தால் மாடு மெலியும், மெலிந்தால் பருவத்துக்கே வராது. ஒரே மூச்சில் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளைக்குப் பிரித்து வைக்க வேண்டும். சினை நிற்க வைக்கிற ஹார்மோன் அத்தனை நாளும் சாணியோடு போய்விட்டது என்பதையும் சொன்னேன். மீனாட்சி சாணிக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இம்புட்டு நாளா எங்க குப்பைமேடுதான் சினையா நிக்குதாக்கும்?"

சொல்லாத சொல்

டாக்டரம்மா அந்த ஹார்மோன் ஏற்றிய ஒரு சின்னச் சாதனத்தை ராணியின் பிறப்புவழியில் வைத்து, சில நாள் கழித்து எடுத்தார். பருவம் வந்தது. முருகேசன் வெளியூரில். என்னிடம் ஆள் அனுப்பினார் வெள்ளைச்சாமி. "டீக்கடையில சொன்னத டீக்கடையிலயே வாபஸ் வாங்கச் சொல்லு, வாரேன்" என்று திருப்பி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் மீனாட்சியே வந்தார். "இந்தத் தடவையும் நிக்கலைன்னா அடிமாட்டுக்கு ஏத்திருவேன்னு நிக்கிறாரு. அவருக்காக வராதீகண்ணே, அதுக்காக வாங்க" என்றார். போனேன். ராணி என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொன்னதில்லையே. ஊசி போட்டுவிட்டு, அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

அதன்பிறகு ராணி கத்தவில்லை. சில மாதம் கழித்து டாக்டரம்மா கையை உள்ளே விட்டுப் பார்த்து, சினை உறுதி என்றார். அன்று நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அதே டீக்கடையில், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச்சாமி வந்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "என்னதான் சொல்லுங்கப்பா, எல்லாம் டாக்டரம்மா கைராசி!"

ராணியின் ஈரல் எதை வேண்டுமானாலும் கரைத்துவிட்டுப் போகட்டும், வெள்ளைச்சாமி எனக்குத் தரவேண்டிய அந்த ஒரு வார்த்தை கரையாமல் அவர் வயிற்றிலேயே கிடக்கிறது, அது வெளியே வரும்வரை அதே கடையில் அதே பெஞ்சில்தான் நான் டீ குடிப்பேன்.