வடக்குத் தும்பும் மேற்குத் தும்பும்

நேற்று வெள்ளவத்தையில் வீடு கூட்ட ஒரு தும்புத்தடி வாங்கப் போய், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். எடுத்துக் காட்டியதெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக். "இதில தும்பு எங்க?" என்றேன். "ஐயா கூட்டப் போறீங்களோ, ஆராய்ச்சி செய்யப் போறீங்களோ?" என்றார் கடைக்காரர். கோபம் வந்தது. ஆனால் தும்பைப் பற்றிக் கோபப்பட எனக்கு அருகதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

தலையில் மயிர் இருந்த காலத்தில் நான் கொட்டாஞ்சேனையில் ஒரு தும்பு ஏற்றுமதிக் கந்தோரில் கிளாக்கர். கீழே ஸ்டோர், மேலே நாங்கள். ஊறின மட்டையின் புளித்த மணம் சோற்றுப் பார்சலிலும் ஏறிவிடும். மேற்கே சிலாபப் பக்கமிருந்து தென்னந்தும்பு வரும், வடக்கே பளையிலிருந்து பனந்தும்பு. பளைக் கொட்டிலுக்குப் பொறுப்பு பொன்னையா அண்ணர். மாதம் ஒருமுறை மாதிரிக் கட்டோடு வந்து, "தடவிப் பாரும் தம்பி, குதிரை வால் மாதிரி இருக்கும்" என்பார். கையில் குத்தினாலும் "ஓம் அண்ணை" என்பேன். ஊர்ப் பெண்கள் பலர் அந்தக் கொட்டிலில் தும்பு சீவித்தான் அடுப்பு மூட்டினார்கள்.

ஒருநாள் மனேஜர் கூப்பிட்டார். "ஐசே, பத்து வருஷ ஏற்றுமதியை வடக்கு, மேற்கு எண்டு பிரிச்சு ஒரு கிராஃப் போடும். டைரக்டர்மார் ஒரு இடத்தை மூடப் போகினம்."

எங்கள் கப்பல் பதிவேட்டில் பனை, தென்னை என்று பிரித்து எழுதுகிற நல்ல பழக்கம் கிடையாது. எல்லாம் 'தும்பு'. பக்கத்தில் கப்பலேற்றிய துறைமுகம் இருந்தது. காங்கேசன்துறை என்றால் வடக்கு, கொழும்பு என்றால் மேற்கு என்று பிரித்தேன். என்ன மூளை! வடக்குக்குச் சிவப்புக் கோடு. அது சரிந்து சரிந்து அடியில் போய்ப் படுத்துவிட்டது. மேற்கின் நீலக் கோடு ஏறோ ஏறென்று ஏறியது. "நீற்றான வேலை" என்று மெச்சினார் மனேஜர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கீழே போய் ஸ்டோர்கீப்பர் ஹனிபா நானாவிடம் பீற்றிக்கொண்டேன். "வடக்குச் செத்துப்போச்சு நானா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இந்தக் கட்டெல்லாம் எங்க இருந்து வந்த? பளைச் சாமான் ரயில்ல இங்க வந்துதானே கப்பல் ஏறுது? காங்கேசன்துறையில ஏத்துறத நிப்பாட்டி எவ்வளவு காலம்! வடக்குச் சாமான மேற்குக் கணக்கில போட்டு, ஊரார் கோழிய அறுத்து உம்மா பேர்ல கத்தம் ஓதிட்டீங்களே தம்பி!"

மூச்சிரைக்க மேலே ஓடினேன். கிராஃப் கோட்டையில் இருந்த டைரக்டர்மாரின் கந்தோருக்குப் போய்விட்டது. "திருத்தி அனுப்புவம் சேர்" என்றேன். "இப்ப திருத்தினா ரெண்டு பேருக்கும் மானக்கேடு. வாற வருஷம் பாப்பம்" என்றார் மனேஜர். வாற வருஷமாம்! பற்றிக்கொண்டு வந்தது. ஆனால், வேலை தப்பியதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. டைரக்டர்மாரிடம் நானே நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம், அரைமணி நேர நடை. போகவில்லை.

கொட்டிலை மூடினார்கள். பொன்னையா அண்ணர் கடைசியாக வெறுங்கையோடு வந்தார். "மாதம் தவறாம அனுப்பினனான் தம்பி. வடக்கில இருந்து ஒண்டும் போகேல்லையாம். அதெல்லாம் எங்க போச்சு?" என்று என்னிடமே கேட்டார்.

"மேல இருக்கிற ஆக்களின்ர வேலை அண்ணை" என்றேன்.

நம்பிவிட்டார். நம்பியதோடு விட்டாரா? "நீர் என்ன செய்வீர், மனம் நோகாதேயும்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

இன்று அந்தக் கந்தோர் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. பளைக் கொட்டிலின் அத்திவாரமும் யுத்தத்தில் போயிற்று. ஹனிபா நானா மௌத்தாகி வெகுகாலம். பொன்னையா அண்ணர் எந்த ஊரில், எந்த முகாமில் கண்ணை மூடினாரோ, விசாரித்தும் தெரியவில்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.