முதுகில் கட்டிய கேன்

"ஏ பிரின்சி, இந்த முடிச்சக் கொஞ்சம் பிடி," என்றார் சகாயராணி.

கடற்கரை நீச்சல் முகாமுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், பள்ளியின் சைக்கிள் ஷெட்டில் நடந்த பேச்சு அது. உடற்கல்வி ஆசிரியை சகாயராணி காலி எண்ணெய் கேன்களுக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் எடுக்கும் பிரின்சி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"இதெல்லாம் அங்கன எதுக்கு டீச்சர்? லைஃப் ஜாக்கெட் தருவோம்னு லெட்டர்லயே போட்டிருக்காக."

"அவுக தர்றது போட்டோவுக்கு. நம்ம பிள்ளைக கேன்ல பழகுனதுக."

"இல்ல, கடல் வேற மாதிரி இருக்குமோன்னு..."

"நீ கடலப் பாத்திருக்கியா?"

"வேளாங்கண்ணில. கால் நனைச்சேன்."

"நானும் அங்கனதான் நனைச்சேன். கிணத்தவிட உப்புத்தண்ணி நல்லாத் தூக்கும். பயமா இருந்தா நீ ரெண்டு கட்டிக்க."

பிரின்சி சிரித்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

கேட்க அவள் யார்? உத்தமபாளையம் பக்கத்துத் திராட்சைத் தோட்டக் கிணறுகளில் பத்தொன்பது வருடமாக, கோடை விடுமுறைதோறும் பெண்பிள்ளைகளின் முதுகில் கேனைக் கட்டித் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கியவர் சகாயராணி. "எங்கிட்டுப் போனாலும் சுவருதான்டி, போ," என்பார். ஒரு பிள்ளைக்குக்கூட மூக்கில் தண்ணீர் ஏறியது என்று புகார் வந்ததில்லை. எட்டாம் வகுப்பு திரிஷாவின் அம்மா பிலோமினா, கடல் என்றதும் முதலில் மாட்டேன் என்றுவிட்டாள். "நீங்க கூடப் போறீகளா டீச்சர்? அப்பச் சரி," என்று பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாம் நாள் காலை ஆறரை. முகாமின் பயிற்சியாளர்கள் எட்டு மணிக்குத்தான் வருவார்கள். அதுவரை பிள்ளைகள் சும்மா இருப்பானேன் என்று சகாயராணி முதல் கேனைத் திரிஷாவுக்குக் கட்டினார். கடல் கண்மாய்போல் அசையாமல் கிடந்தது. நிலத்திலிருந்து கடலைப் பார்த்து இதமாகக் காற்று வீசியது.

இடுப்பளவு தண்ணீரில் விட்டதும் திரிஷா கையை வீசிப் போனாள். அவள் அவ்வளவு வேகமாக நீந்தி யாரும் பார்த்ததில்லை. கரையில் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"போதும், திரும்பு," என்றார் சகாயராணி.

திரிஷா திரும்பினாள். முகம் கரையைப் பார்த்திருந்தது, கைகள் கரையை நோக்கித்தான் அடித்தன, ஆள் மட்டும் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். விளையாட்டு என்று நினைத்து ஒருமுறை கையை ஆட்டவும் செய்தாள். அங்கே எந்தப் பக்கமும் சுவர் இல்லை.

சகாயராணி பாய்ந்தார். எவ்வளவு நீந்தியும் இடைவெளி குறையவில்லை. காற்று கேனைத் தள்ள, கேன் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனது. பிரின்சி கணுக்கால் தண்ணீர்வரை ஓடி, அங்கேயே நின்றுவிட்டாள். கை தட்டல் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

வலை எடுத்துத் திரும்பிய ஒரு வள்ளம்தான் இருவரையும் தூக்கி வந்தது. திரிஷா உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தாள், ஆனால் மூச்சு சீராக இருந்தது. வள்ளக்காரர் கேனைத் தட்டிப் பார்த்தார்.

"வலைக்கு மெதப்பு கட்டுற மாதிரி கட்டிருக்கு. கொஞ்ச நேரம் போயிருந்தா கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது. யாரு கட்டுனது?"

சகாயராணி ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்து, ஏற்கெனவே அவிழ்ந்துவிட்ட கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தார்.

தலைமையாசிரியை சகாயராணியிடம் போனில் சொன்னார்: "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லேல்ல? காத்து திடீர்னு மாறிருச்சுன்னு அவ அம்மாகிட்டச் சொல்லிருங்க. போதும்."

ஊருக்குத் திரும்பும் பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. திரிஷா முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். சகாயராணி பிரின்சியின் பக்கம் திரும்பாமலேயே மெதுவாகக் கேட்டார்:

"பிலோமினா வீட்டுக்கு நீயும் கூட வா. நான்தான் சொல்லுவேன். சொல்ல ஆரம்பிச்சுட்டுக் காத்து மேல பழியப் போட்டேன்னா, பெரியவளாச்சேன்னு பாக்காத பிரின்சி. குறுக்க பேசு."