பொவாடி நடக்க வேண்டிய வரிசை

"இருபத்தேழு... இருபத்துநாலு... இருபத்திரண்டு... பத்தொம்போது..."

எண்ணுக்கு ஒரு கோடாகத் தாண்டி வந்துகொண்டிருந்தான் பொவாடி. கானா நாட்டுக் குமாசி நகரில் பழைய தாஃபோ பகுதி, அங்கே தேவாலயத்தை ஒட்டிய கூடம். சிமெண்டுத் தரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கோடுகள். அவனுடைய அக்கா செர்வா தையல்காரி. துணியில் அடையாளம் போடும் சாக்கட்டியால் அவள் கிழித்தவை. செவ்வாய்தோறும் நடைப் பயிற்சி வகுப்புக்கு முன்பே வந்து, அளவு நாடாவை விரித்துப் புதிதாகப் போடுவாள். விரற்கடை விலகினாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவாள்.

கால் கோட்டைத் தாண்ட வேண்டும். வாய் ஸ்பேனர் அளவுகளைப் பெரியதிலிருந்து சிறியதாகச் சொல்லிக்கொண்டே இறங்க வேண்டும். நடுக்குவாதக்காரர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் கடினம்; அதனால் அதையேதான் பழக்குகிறார்கள்.

"பதினேழு... பதினாலு... பன்னெண்டு..."

"பதிமூணு எங்கய்யா போச்சு?" சுவரோரம் தன் முறைக்காகக் காத்திருந்த டொங்கோர் வாத்தியார் கேட்டார். அவருக்கும் அதே நோய்தான். தலை ஆடிக்கொண்டே இருக்கும். "இப்படி ஒண்ணொண்ணா முழுங்கித்தான் எங்கள எல்லாம் கடையில ஏமாத்தினியா?"

"உங்க காருக்குப் பதிமூணு போட்டும் பிரயோஜனம் இல்ல வாத்தியாரே. அதுக்கு வேண்டியது பாதிரியார்."

கூடம் சிரித்தது. பொவாடியும் சிரித்தான். சிரித்ததும் கால் நின்றுபோனது. உடம்பு முன்னால் சாய, பாதம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டது. செர்வா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"உக்காருங்கம்மா," என்றாள் லாரிபா. வடக்கிலிருந்து வந்த பெண்; பயிற்சி கொடுப்பவள் அவள்தான். "இழுத்தீங்கன்னா விழுவாரு. அவரே எடுத்து வைக்கட்டும்."

பொவாடி குனிந்து தன் வலது காலிடம் பேசினான். "சோக்க இழுத்தாச்சு, கியரும் போட்டாச்சு. கெளம்புடா கிழட்டு லாரி." இடுப்பை இடமும் வலமுமாக இரண்டு முறை அசைத்தான். கால் கிளம்பியது.

நகரின் பட்டறைப் பேட்டையான சுவாமேயில் முப்பத்துநாலு வருடம் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தவன். கண்ணை மூடிக்கொண்டு, நட்டின் துளையில் கட்டை விரலை வைத்து, அளவைச் சொல்லிவிடுவான். தன்னிடம் அளவு கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் செர்வா இதைச் சொல்லாமல் விட்டதில்லை. "உங்க இடுப்பச் சொல்ல எனக்கு நாடா வேணும். என் தம்பிக்கு விரல் போதும்." நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான்; தம்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவளுக்கு எந்தச் சொல்லும் தடுக்கியதில்லை.

அந்த விரல்தான் முதலில் கெட்டது. ஆறு வருடங்களுக்கு முன்பு, பொவாடியின் வலது கை மெல்ல மெல்லச் சோம்பேறியானது. மூடிய கை திறக்க நேரமாயிற்று. பொறுமையில்லாத வாடிக்கையாளர்களுக்கு அவன் இடது கையால் சாமான்களை நீட்டத் தொடங்கினான். சிலர் வாங்காமலே திரும்பிப் போனார்கள். "என்னைய நாய்னு நெனச்சியா? இந்தக் கையால வீசுற!" என்று ஒரு ஓட்டுநர் கத்தியது அடுத்த தெருவரைக்கும் கேட்டது. பொவாடி யாருக்கும் காரணம் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது.

அப்போதுதான் செர்வாவின் மாமியார் இறந்தாள். சாவுக்கு வருகிறவர்கள், உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரின் வலது கோடியில் தொடங்கி, ஒவ்வொருவர் கையாகப் பற்றிக்கொண்டே இடது கோடிவரை போக வேண்டும். பொவாடி கறுப்புத் துணியை இடது தோளில் போர்த்திக்கொண்டு வந்தான். கொஞ்சம் தள்ளாடினான். முதல் நாற்காலியில் செர்வாவின் மைத்துனர் ன்சியா, குடும்பத் தலைவர். அவருக்குப் பொவாடி இடது கையை நீட்டினான்.

செர்வா எழுந்து வந்தாள். கணவன் வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "குடிச்சிட்டு வந்திருக்கியா? என் மாமியார் சாவுல என் மானத்த வாங்கவா வந்தே?"

பொவாடி துணியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனான். அவன் குடிக்கிறவனே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

அதன்பின் இரண்டு வருடம் அவன் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. கடையையும் மூடினான். வாசலில் விழுந்து நெற்றி கிழிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் அவனை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், பத்து நிமிடத்தில் நோயின் பெயரைச் சொன்னார். "வலது கை எப்பலேருந்து இப்படி?" என்று அவர் கேட்டபோது செர்வாதான் பதில் சொன்னாள். தேதியோடு சொன்னாள். அது மாமியாரைப் புதைத்த நாள்.

ன்சியாவிடம் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். ஈஸ்டருக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். அடுத்த ஈஸ்டரும் போயிற்று. பொவாடியிடமும் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அவனுக்குச் சோளக்கஞ்சி காய்ச்சினாள், மாத்திரையை மணி பார்த்துக் கொடுத்தாள், கோடு கிழித்தாள். அவனும் அவளோடு பேசினான், கேலி செய்தான். ஆனால் மாமியாரின் சாவு நாளிலிருந்து அக்காவுக்குக் கை கொடுத்ததில்லை. வகுப்பில் எல்லோருக்கும் கொடுப்பான். அவளிடம் வரும்போது தலையை மட்டும் அசைப்பான்.

போன மாதம் ன்சியா இறந்துபோனார். உடலைப் பிணவறையில் வைத்திருந்து, சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமையில் சாவுக் கூட்டம் வைப்பது அங்கே வழக்கம்.

"நான் அந்த வரிசையில நடக்கணும்," என்றான் பொவாடி.

"நீ ஒக்காந்திரு. வர்றவங்க உன்கிட்ட வருவாங்க. நான் சொல்லி வச்சிடறேன்."

"யாருகிட்ட சொல்லுவே? சொல்ல வேண்டியவரு பெட்டிக்குள்ள கெடக்காரு அக்கா."

அவள் சாக்கட்டியைப் பைக்குள் போட்டாள். பிறகு வெளியே எடுத்தாள்.

லாரிபா வகுப்பையே சாவு வீடாக்கினாள். இருபது பிளாஸ்டிக் நாற்காலிகளில் வகுப்புக்கு வந்தவர்கள், வலமிருந்து இடம். ஒவ்வொருவர் முன்பும் நின்று, திரும்பி, வலது கையை உயர்த்தி, பெயரைச் சொல்லி, அடுத்த அடி. பெயரை யோசித்தால் கால் நிற்கும். காலை நினைத்தால் இடது கை முந்திக்கொள்ளும். டொங்கோர் வாத்தியார் செத்தவரின் மனைவியாக உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "சீக்கிரம் வாய்யா, அதுக்குள்ள நான் வேற கல்யாணம் பண்ணிக்கப் போறேன்!" முதல் செவ்வாய் பொவாடி ஏழாவது நாற்காலியோடு நிறுத்திக்கொண்டான். மூன்றாவது செவ்வாய் பத்தொன்பது கைகளைப் பற்றினான். இருபதாவது நாற்காலியில் செர்வா. அங்கே வந்ததும், "முடிஞ்சிருச்சு" என்று லாரிபாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

சனிக்கிழமை மதியம் ன்சியாவின் சாவுக்கு வந்தான். கறுப்புத் துணி தோளிலிருந்து இரண்டு முறை நழுவியது. இரண்டு முறையும் அவனே ஏற்றிக்கொண்டான். உதடு அசைந்துகொண்டிருந்தது. எந்த அளவைச் சொல்கிறான் என்று செர்வாவுக்குக் கேட்கவில்லை. வலது கோடியில் புதிய குடும்பத் தலைவர். வலது கை எழுந்தது, பற்றியது, விட்டது. பிறகு அடுத்தவர். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் தேங்கி நின்றார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

இன்னும் இரண்டு பேர். இன்னும் ஒருவர். அப்புறம் செர்வா.

அவன் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தாள். என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் எழுந்து, கணவன் வீட்டார் பார்க்க, தன் இடது கையை அவன் முன் நீட்டினாள். பக்கத்தில் இருந்த ஓரகத்தி, "ஏய், என்னடி இது!" என்று பதறினாள். செர்வா கையை மடக்கவில்லை.

பொவாடி அந்தக் கையைப் பார்த்தான். கால் நின்றுவிட்டிருந்தது.

"அது வேணாம்," என்றான் மெதுவாக. "நல்ல கையக் குடு. கொஞ்சம் நேரமாகும், பரவால்லயா?"

அவள் இடது கையை இறக்கி, வலது கையை நீட்டினாள். அவனுடைய கை தொடைப் பக்கத்திலிருந்து நடுங்கி நடுங்கி மேலே வரத் தொடங்கியது. பாதி வழியில் நின்றது. பிடிக்க வேண்டுமென்றால் அவள் ஒரு சாண் முன்னால் நீட்டியிருந்தாலே போதும். அவள் நீட்டவில்லை. விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, அப்படியே நின்றாள்.