கருவாட்டுக் கடையில் ஓர் ஆழ்கடல் சுறா

இன்று சங்கரன்கோவில் சந்தையில் கருவாட்டுக் கடைக்காரம்மா கூடையைக் கவிழ்த்தபோது, ஒரு சின்னச் சுறா வந்து விழுந்தது. முதுகுத் துடுப்பு இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு முள்.

நான் நம்பவில்லை. தொட்டேன், குத்தியது.

எட்டு வருடமாகத் தூத்துக்குடி மீன்பிடித் துறையில் நான் தேடும் ஆழ்கடல் சுறா! ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை.

“அது எண்ணெய் மீனு டீச்சரம்மா. பச்சையா யாரு வாங்குவா? உப்பு போட்டு இங்கன அனுப்பிருவாவ. எப்பவாது ஒண்ணு ரெண்டு வரும்” என்றார் கடைக்காரம்மா.

துறையில் மீனைத்தான் பார்த்தேன். கருவாட்டைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அதற்குள் மேலநீலிதநல்லூர்க்காரி ஒருத்தி அதை எடுத்துப் பையில் போட்டுவிட்டாள். மகள் பிள்ளை பெற்றிருக்கிறாளாம். சுறாப் புட்டு தின்றால் பால் ஊறுமாம்.

“இது வெயிலே எட்டாத ஆழத்துல வாழுதும்மா. ஆராய்ச்சிக்கு வேணும், குடுங்க” என்று கெஞ்சினேன்.

“அம்புட்டு ஆழத்துல கெடந்தது இங்கன எதுக்கு வந்துச்சாம், கோமதியம்மனைக் கும்பிடவா?” என்று சிரித்தாள். பிறகு கடைக்கத்தியை வாங்கித் தலையை அறுத்துத் தந்தாள். “இத வச்சுக்கோங்க. சதை எம் மவளுக்கு.”

இப்போது அந்தத் தலை என் மேசையில் இருக்கிறது. அதில் பாதி கண்குழிதான். அந்த இருட்டில் இவ்வளவு பெரிய கண்ணால் அது எதைப் பார்த்திருக்கும்?

உங்கள் ஊர்க் கருவாட்டுக் கடையில் முதுகில் இரண்டு முள்ளுள்ள சுறா வந்தால், புட்டு அவிப்பதற்குள் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.