அப்பிள் கொப்பில் இருந்த பாரம்

நான் வீடுகளைச் சூடாக்குகிற பொயிலர் திருத்துகிறவன். ஒரு பொயிலர் நின்றுபோனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் நான் ஒழுங்காகத் தேடவில்லை என்றுதான் அர்த்தம். பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போகிற ஆள். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டின் பின்வளவில் ஓர் அப்பிள் மரம் நிற்கிறது. என் அண்ணன், சிவம் அண்ணை, எங்களோடு மேல்மாடிச் சின்ன அறையில் இருந்தார். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பயம், திருப்பி ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதுதான். குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடக் குரோய்டனுக்குப் போகவேண்டிய நாட்களில் மாற்று உடுப்பும் பல் தீட்டுகிற பிரஷ்ஷும் வைத்த பையோடுதான் வெளிக்கிடுவார், பிடித்து வைத்தால் தேவைப்படும் என்று. பல வருடம் கழித்து விசா கிடைத்தது. அடுத்த மாரியில் மாரடைப்பில் போய்விட்டார்.

நான் அழவில்லை. எரிக்கிற இடத்தில் நின்றபோது, உள்ளே பேர்னர் நல்லாக வேலை செய்கிறது, சத்தமே இல்லை என்று நினைத்தேன், சத்தியமாக வேறொன்றும் தோன்றவில்லை.

சாம்பலை வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம், கரைக்கும் வரைக்கும் வெளியே மரத்தில்தான் கட்டிவைக்க வேண்டும். உடனே கரைத்திருக்கலாம், ஆனால் ஊரில் இருக்கிற அம்மா ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கடலில்தான் கரைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"இவ்வளவு காலமும் அவன்ர முகம் பாக்கேல்லை. சாம்பலையாவது என்ர மடியில வைச்சிட்டுக் கரை, ராசா" என்றார் போனில். சாம்பல் சாடியை வெள்ளைத் துணியில் சுற்றி, என் தலைக்கு மேலே நின்ற தடித்த கொப்பில் கட்டினேன்.

மரம் வழமைபோலப் பூத்தது. ஆனால் அந்தக் கொப்பு மட்டும் இறங்கத் தொடங்கியது. முதலில் என் தோளளவு, பிறகு நெஞ்சளவு. பக்கத்து வீட்டுக்காரர் மரம் விழப்போகிறது, வெட்டுங்கள் என்றார். ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே தோட்ட வேலை செய்கிற ரமணன் அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார், உள்ளே பச்சை. அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார், உக்கல் இல்லை. வேரடியில் காளானும் இல்லை.

"தம்பி, மரத்துக்கு ஒரு வருத்தமுமில்லை. பாரத்திலதான் வளையுது. என்னத்தைக் கட்டி வைச்சிருக்கிறீர்?"

சொன்னேன். கையை எடுத்துவிட்டார். "அது என்ன பாரம் வரப்போகுது? அதுக்கு இந்தக் கொப்பு ஆடவும் கூடாதே."

நான் விடவில்லை. அதே தடிப்பில் எதிர்ப்பக்கம் இருந்த கொப்பில், சாடியைவிடப் பல மடங்கு பாரமான, பொயிலர் திருத்துகிற என் ஆயுதப் பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு கிழமை தொங்கியது. அந்தக் கொப்பு அசையவில்லை.

என் மனைவி வசந்திதான் கண்டுபிடித்தாள். "டிக்கெற் போட்ட அண்டைக்கு இறங்கினது. நீங்கள் அம்மாவோடை பயண நாள் கதைச்ச அண்டைக்கும் இறங்கினது. சிவம் அத்தானுக்கு ஊருக்குப் போக விருப்பமில்லையப்பா."

"விசர்க்கதை கதையாதையும்" என்று எரிந்து விழுந்தேன். அவள் சொன்னது சரியென்றால் அம்மாவுக்கு நான் என்ன சொல்வது?

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அவிழ்க்கப் போனேன். பேய்க்கதைக்கு ஏற்ற இருட்டுக்கூட இல்லை, நல்ல ஜூலை வெயில், யாரோ பார்பிகியூ போடுகிற மணம். சாடி புல்லில் முட்டிக்கொண்டிருந்தது. கயிற்றை வெட்டினேன், இரண்டு கையாலும் தூக்கினேன். வரவில்லை. பொயிலரைத் தனியாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவன் நான், நம்பினால் நம்புங்கள், அந்தச் சாடியை ஒரு நூல்கூட அசைக்க முடியவில்லை. கயிறு இல்லை, சாடி நிலத்தில், ஆனாலும் கொப்பு மேலே போகாமல் அதை அமத்திக்கொண்டு நின்றது.

வசந்தி வந்து பக்கத்தில் குந்தியிருந்து துணியைத் தடவினாள். "அத்தான், ஊரிலை மாமி வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டு வாங்கோ."

சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். செத்த வீட்டில் இருந்து வெளிக்கிடும்போது நாங்கள் வாறன் என்று சொல்ல மாட்டோம், செத்தவரை வா என்று ஒருநாளும் சொல்ல மாட்டோம். அவள் வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சாடி இலவம் பஞ்சுபோல என் கைக்கு வந்தது, கொப்பு சரக்கென்று மேலே போனது.

ஊரில் அம்மா, வான் வண்டியில் போன வழி முழுக்கச் சாடியை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தார். கீரிமலையில் கரைத்தேன். கால் நனைந்தது, வேறு ஒன்றும் உணரவில்லை.

லண்டனுக்குத் திரும்பி வந்து, பயணப் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் பின்கதவைத் திறந்தோம். கொப்பு முழங்காலளவுக்கு இறங்கி நின்றது. அதில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை. வசந்தி அழத் தொடங்கினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. அண்ணை செத்த பிறகு முதல் தடவையாக, கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

ரமணன் அண்ணை திரும்ப வந்து பார்த்தார். ஒற்றை விரலால் தூக்கினால் கொப்பு மேலே வருகிறது, ஒரு பாரமும் இல்லை. கையை எடுத்தால் சட்டென்று விழாது. முழங்கால் நோகிற ஆள் கதிரையில் அமர்வதுபோல மெல்ல மெல்ல இறங்கும். அவர் காசும் வாங்காமல் போய்விட்டார். நான் மரத்தை வெட்டவில்லை.

அம்மா இப்போதும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுப்பார். கடற்கரைக்குப் போய் அண்ணையோடு கதைத்துவிட்டு வந்ததாகச் சொல்வார். "பிள்ளை கடைசியில என்னட்டையே வந்திட்டான், இனி எங்கையும் போக மாட்டான், என்ன ராசா?" என்று கேட்பார். நான் குசினி யன்னலால் கொப்பைப் பார்த்துக்கொண்டு, "ஓம் அம்மா" என்கிறேன்.